தீக்குச்சியும் தாடை எலும்பும்: சிவகாசி வட்டாரத்தைத் தொடாத ஒரு நோயின் வரலாறு

திருத்தங்கல், விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டி அமைந்துள்ள ஊர். நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இருப்பதால் 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. 2021ஆம் ஆண்டு சிவகாசி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தீப்பெட்டியும் பட்டாசும் இவ்வூர் மக்களுக்குச் சோறு போடும் தொழில்கள். குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் தெரியாத குடும்பம் முந்தைய தலைமுறையில் அரிதாகவே இருந்திருக்கும். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்குள்ளவர்கள் "தீப்பெட்டி ஆபீஸ்" என்றே சொல்வார்கள்.

இந்தத் தொழில் சிவகாசிக்கு வருவதற்கு முன்பு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தீப்பெட்டித் தொழிலாளர்களின் தாடையை அரித்துத் தின்ற நோய் ஒன்று இருந்தது. "ஃபாசி ஜா" என்பது அதன் வழக்குப் பெயர். பாஸ்பரஸ் தாடை நோய் எனலாம். வாயின் நலம் உடலின் நலத்தோடு எவ்வளவு நெருங்கியது என்பதை மருத்துவ உலகுக்கு முதன்முதலில் உரக்கச் சொன்ன நோய்களுள் இதுவும் ஒன்று.

நோய் வந்த விதம்

1830களில் எங்கு உரசினாலும் பற்றிக்கொள்ளும் தீக்குச்சிகள் சந்தைக்கு வந்தன. அவற்றின் தலையில் இருந்த மருந்தில் வெண் பாஸ்பரஸ் கலந்திருந்தது. அந்த மருந்தைக் கலக்குபவர்களும், அதில் குச்சியை முக்குபவர்களும், காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைப்பவர்களும் நாள் முழுதும் அதன் ஆவியைச் சுவாசித்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த லோரின்சர் என்ற மருத்துவர் 1845இல் இந்நோயைப் பற்றி எழுதினார்.

முதலில் சாதாரணப் பல்வலி போலத் தொடங்கும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். பல்லைப் பிடுங்கினாலும் புண் ஆறாது. நாளடைவில் தாடை எலும்பே செத்து, துண்டு துண்டாக வெளியே வரும். நோயாளியின் வாயிலிருந்து வீசும் நாற்றத்தால் வீட்டார்கூட அருகில் இருக்க முடியாது. தாடையை அறுத்து எடுப்பதுதான் அன்றைய சிகிச்சை. அதற்குப் பிறகும் இறந்தவர்கள் உண்டு.

ஒரே அறையில் வேலை செய்த எல்லோருக்கும் இந்நோய் வரவில்லை. சொத்தைப் பல்லும் ஈறு நோயும் உள்ளவர்களையே அது அதிகம் தாக்கியதாக மருத்துவர்கள் கண்டனர். உடலின் மற்ற எலும்புகளுக்குத் தோலும் தசையும் காவல். தாடை எலும்புக்கு மெல்லிய ஈறு ஒன்றே காவல். அதைத் துளைத்துக்கொண்டு பற்கள் நிற்கின்றன. பல் அழுகினால் வாயில் வாழும் கிருமிகளுக்கு எலும்பு வரை வழி திறந்துவிடுகிறது.

லண்டன் பெண்களும் அன்னி பெசன்டும்

1888 ஜூலையில், லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையின் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்தினார்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு அவர்களுடைய குறைந்த கூலியையும், தொட்டதற்கெல்லாம் விதிக்கப்பட்ட அபராதத்தையும் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, பிரம்மஞான சபையின் தலைவராக இருந்து, ஹோம் ரூல் இயக்கம் நடத்திய அதே பெசன்ட் அம்மையார்தான். நம் பாடநூல்கள் அவரை விடுதலை இயக்கத்தோடு மட்டும் நிறுத்திவிடுகின்றன; தீக்குச்சியோடு அவருக்கிருந்த தொடர்பை மாணவர்கள் அறிவதில்லை.

பெண்கள் பெற்ற சலுகைகளுள் ஒன்று, சாப்பிடுவதற்குத் தனி அறை. சிறிய விஷயமாகத் தோன்றலாம். வேலை செய்யும் மேசையிலேயே ரொட்டியைப் பிரித்துத் தின்றவர்களுக்கு உணவோடு பாஸ்பரசும் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும். ஆனால் வெண் பாஸ்பரஸ் நிற்கவில்லை. நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்ததற்காக 1898இல் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது.

அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் உள்துறைக்கு அளிக்கப்பட்ட அறிக்கையைத் தயாரித்த மூவருள் ஒருவர் ஜார்ஜ் கன்னிங்ஹாம் என்ற பல் மருத்துவர். தொழிற்சாலை விசாரணை ஒன்றில் பல் மருத்துவருக்கு இடம் கிடைத்தது அக்காலத்துக்குப் புதுமை. தீப்பெட்டித் தொழிலாளர்களுக்குப் பற்பரிசோதனையும் நடைமுறைக்கு வந்தது. இதே கன்னிங்ஹாம் பின்னர் கேம்பிரிட்ஜில் பள்ளிக் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார்.

பற்பரிசோதனை நல்லதுதான். ஆனால் அதில் ஒரு அநீதியும் ஒளிந்திருந்தது. விஷத்தை வைத்துக்கொண்டு, "உன் பல் சரியில்லை" என்று தொழிலாளியின் மேல் பழியைப் போட அது வசதியாக அமைந்தது. பல்வலி என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து வலியை மறைத்தவர்களும் இருந்தார்கள். பல் துலக்குவது விஷத்துக்கு மாற்று ஆகாது.

தடைச் சட்டம்

வெண் பாஸ்பரசுக்கு மாற்றுப் பொருள்கள் ஏற்கெனவே இருந்தன. செம் பாஸ்பரசைப் பெட்டியின் பக்கவாட்டில் தடவும் பாதுகாப்புத் தீப்பெட்டியைச் சுவீடன் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே செய்து விற்றது. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன. 1906இல் பெர்ன் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை ஏற்பட்டது. பிரிட்டனில் 1910 முதல் தடை அமலுக்கு வந்தது.

இந்தியாவில் 1913இல் வெண் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்றது 1922இல். சிவகாசியில் தொழில் தொடங்கியது 1923இல். பத்தாண்டுக்கு முன் வந்த சட்டத்தின் பயனாக, சிவகாசித் தொழில் பாதுகாப்புத் தீப்பெட்டியிலேயே தொடங்கியது. திருத்தங்கல், சிவகாசிப் பெண்கள் குச்சி அடுக்கி விரல் தேய்ந்திருக்கிறார்கள். வெடிவிபத்துகளில் இவ்வட்டாரம் பல உயிர்களை இழந்திருக்கிறது. தாடை அழுகும் நோய் மட்டும் இங்கே தொழிலோடு சேர்ந்து வரவில்லை.

இன்று

2003இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், தாடை எலும்பு செத்துப்போன 36 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் தீப்பெட்டித் தொழிலாளர்கள் அல்லர். புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போதும், முதுமையில் எலும்பு தேயும்போதும் கொடுக்கப்படும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளை எடுத்துக்கொண்டவர்கள். இதைக் கண்ட மருத்துவர்களுக்குப் பழைய பாஸ்பரஸ் தாடை நோயின் நினைவு வந்தது. இதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. பாதிப்பு அரிது, மருந்தின் பயன் பெரிது. ஆனால் அத்தகைய மருந்தைத் தொடங்குமுன், குறிப்பாக ஊசியாகப் போடுமுன், பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தை, ஈறு நோய்களைச் சரிசெய்துகொள்ளச் சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது.

வேறு வயதினருக்கும் இதே கணக்குத்தான். விழப்போகிற பல்தானே என்று பால் பல் சொத்தையை விட்டால், சீழ் அடியில் வளரும் நிலைப்பல்லைப் பாதிக்கும். ஆறு வயதில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் எந்தப் பாலும் விழாமல் வருவதால், அதையும் பால் பல் என்றே பெற்றோர் பலர் நினைத்துவிடுகிறார்கள். கருவுற்ற பெண்களுக்கு ஈறு எளிதில் வீங்கி இரத்தம் கசியும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாது. வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவர்களின் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தடிப்போ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் வலிக்காக் காத்திராமல் காட்டிவிட வேண்டும். புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை.