பாடம் செய்த வாத்து - அசலா, நகலா?

சென்னையில் பழைய தலைமுறை ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு 'காலேஜ்' பற்றிச் சொல்வார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 'செத்த காலேஜ்'. இரும்புலியூர்க்காரர்களுக்கு இரண்டுமே வசதிதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் வண்டலூரில் உயிர் காலேஜ். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வடக்கே போய் எழும்பூரில் இறங்கினால் செத்த காலேஜ்.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதுதான் இதில் வேடிக்கை. அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர். 1854-ல் அது இப்போதுள்ள பாந்தியன் சாலை வளாகத்துக்கு வந்தது. அடுத்த வருஷமே அதே வளாகத்தில் ஒரு மிருகக்காட்சி சாலையும் ஆரம்பமானது. 1863-ல் அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அங்கிருந்து 1985-ல் வண்டலூர். ஆக, சென்னையில் உயிருள்ளதும் பாடம் செய்ததும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தது ஏழெட்டு வருஷம்தான்!

இது ஏன் முக்கியம்? கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் ஒரு பறவையைப் பார்த்து "தத்ரூபமா இருக்கு" என்கிறோம். எதோடு ஒப்பிட்டு அப்படிச் சொல்கிறோம்? உயிருள்ள பறவை பக்கத்தில் இருந்தால் தப்பு உடனே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் பாடம் செய்தவர் சொன்னதுதான் உண்மை.

புலியில் தப்பித்துவிடலாம். புலியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எத்தனை பேர்? வாயைப் பிளந்து பல்லைக் காட்டினால் கூட்டம் கைதட்டும். வாத்து அப்படியில்லை. தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளில் புள்ளிமூக்கு வாத்து சாதாரணமாகக் கண்ணில் படும். குளிர்காலத்தில் வேடந்தாங்கல், பள்ளிக்கரணைப் பக்கம் போனால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் வந்திருக்கும். மாடு மேய்க்கும் பையன்கூட "இது நிக்கிறது சரியில்லையே" என்று சொல்லிவிடுவான். பாடம் செய்பவருக்கு இதைவிடக் கஷ்டமான தேர்வு கிடையாது.

சரி, எங்கே பார்க்க வேண்டும்? முதலில் கால். நாம் வாத்தின் முட்டி என்று நினைப்பது அதன் கணுக்கால். நிஜ முட்டி உடம்போடு ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். இது தெரியாமல் கம்பியை வளைத்தால் வாத்து ஸ்டூல் மேல் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். எடை பாதத்தின் மேல் விழ வேண்டும். அடிப்பலகையை எடுத்துவிட்டால் குப்புற விழுந்துவிடும் என்று தோன்றினால் மார்க்கைக் குறைத்துவிடலாம்.

அடுத்து இறக்கை. நீர்ப்பறவை இறக்கையை மடக்கும்போது அதன் கீழ் ஓரம் விலா இறகுகளுக்குள், சட்டைப் பைக்குள் கை விட்ட மாதிரி, போய் மறைந்துகொள்ளும். மோசமான வேலையில் இறக்கை வெளியே தொங்கும். கழுத்தில் இன்னொரு சிக்கல். பல வாத்துகளுக்குத் தலை பெரிது, கழுத்துத் தோல் குறுகல். மற்ற பறவைகளில் செய்வதுபோல் மண்டையோட்டைக் கழுத்து வழியாக உருவி எடுக்க முடியாது. பின்னந்தலையில் தனியாகக் கீறி எடுத்துத் தைக்க வேண்டும். அந்தத் தையல் தெரிகிறதா என்று பின்பக்கம் போய்ப் பார்க்கலாம். (முன்பக்கம் மட்டும் பார்ப்பவர்களை நம்பித்தான் பல கண்ணாடிப் பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைக்கிறார்கள் போலும்!)

கடைசியில் கொழுப்பு. வாத்துத் தோலில் கொழுப்பு அதிகம். சுரண்டிக் கழுவாமல் விட்டால் வருஷங்கள் கழித்து அது கசிந்து வயிற்று இறகு மஞ்சளாகும், தோலே பொடிந்துபோகும். செய்த அன்று அழகாக இருந்த வாத்தின் தரம் முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இப்படிக் குறை நிறை பார்த்துப் பரிசு கொடுப்பது ஒரு போட்டியாகவே மாறியது அமெரிக்காவில். 1880-ல் ராச்செஸ்டர் நகரில் பாடம் செய்பவர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதில் முக்கியமானவர் வில்லியம் ஹார்னடே. இவருக்கு நம்ம ஊர்ச் சம்பந்தம் உண்டு. 1877-ல் ஆனைமலைக் காடுகளுக்கு வந்து யானை உட்பட மிருகங்களைச் சுட்டுச் சேகரித்துக்கொண்டு போனவர். அதுவரை தோலுக்குள் வைக்கோலையும் நாரையும் அடைத்து மூட்டையாக்குவதுதான் பரவலான வழக்கம். ஹார்னடேயும் அவர் கூட்டாளிகளும் உடம்பை அளந்து, அதே வடிவத்தில் உள்ளுடல் செய்து, அதன் மேல் தோலைப் போர்த்த வேண்டும் என்று வாதாடினார்கள். நடத்தை தெரியாதவன் வடிவம் செய்ய முடியாது என்பது அவர்கள் கட்சி. அந்த நடத்தையைத் தெரிந்துகொள்ளத்தான் துப்பாக்கியோடு போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் பெரிய பெயர் மைசூர் வான் இங்கன். 1900 வாக்கில் தொடங்கி 1999-ல் மூடிய நிறுவனம். புலியும் சிறுத்தையும் மட்டுமே 40,000-க்கு மேல். காகிதக் கூழ் அச்சில் செய்த உடல்கள் அவர்கள் சிறப்பு. ஆனால் மகாராஜாக்களும் துரைகளும் காசு கொடுத்தது புலிக்கு, வாத்துக்கு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழிலுக்கு வேலையும் குறைந்துபோனது.

இனி நிறம். தேய்மானம் பற்றி காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடம் செய்த வாத்துக்கு வெளிச்சம்தான் தேய்மானம். ஆனால் எல்லா நிறத்துக்கும் ஒரே விகிதம் கிடையாது. புள்ளிமூக்கு வாத்தின் இறக்கையில் மின்னும் பச்சை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் வருவது. அது லேசில் போகாது. பழுப்பு மெதுவாக வெளுக்கும். அலகின் மஞ்சள் நுனி, அலகடியில் இருக்கும் சிவப்புப் புள்ளி, செம்மஞ்சள் கால் இவையெல்லாம் செத்த சில நாளிலேயே மங்கிவிடும். அப்புறம் நாம் பார்ப்பது பெயின்ட்! கண்ணோ கண்ணாடி.

அந்த பெயின்ட் சரியா என்று எப்படித் தணிக்கை செய்வது? அதற்கு ஒரு வவுச்சர் உண்டு. ஆராய்ச்சிக்காக வைக்கும் பறவைத் தோல்கள் கண்ணாடிப் பெட்டியில் நிற்காது. பஞ்சு அடைத்து, இழுப்பறையில் மல்லாக்கப் படுத்திருக்கும். காலில் ஒரு சீட்டு. அதில் இடம், தேதி, எடுத்தவர் பெயர். நல்ல சேகரிப்பாளராக இருந்தால், பறவை சூடு ஆறுவதற்குள் கண், அலகு, கால் என்ன நிறம் என்றும் எழுதியிருப்பார். அந்த ஒரு வரி இல்லாமல் அலகுக்கு பெயின்ட் அடிப்பது வவுச்சர் இல்லாமல் செலவு எழுதுவது மாதிரிதான்.

புள்ளிமூக்கு வாத்துக்கு வவுச்சர் தொலைந்தாலும் ஏரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இளஞ்சிவப்புத் தலை வாத்துக்கு அது முடியாது. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் புல் மண்டிய சதுப்பு நிலங்களில் இருந்த வாத்து. கரும்பழுப்பு உடல், ரோஜா நிறத்தில் தலையும் கழுத்தும். எப்போதுமே அபூர்வம்தான். பிகாரில் தர்பங்கா பக்கம் 1935-ல் கிடைத்தது உறுதியான கடைசிப் பதிவு. பிறகு பலர் பல வருஷம் தேடினார்கள், பர்மா வரைக்கும் போனார்கள். கிடைக்கவில்லை. உலக அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருப்பது சுமார் 80.

அந்தத் தலையின் நிறம் கரோட்டினாய்டு என்ற நிறமியால் வருவது என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு உறுதி செய்தது, ஓர் இறகைக்கூடப் பிய்க்காமல், லேசர் ஒளியை மட்டும் வைத்து. வாத்து இனத்தின் இறகில் இது அபூர்வம். வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும் வகையும் இதுவே. ஆகவே காட்சிக்கூடத்தில் வருஷக்கணக்கில் நின்ற வாத்தைவிட, இருட்டு இழுப்பறையில் கிடந்த தோல்தான் அந்த இளஞ்சிவப்புக்கு நல்ல சாட்சி. ஆனால் மல்லாக்கக் கிடக்கும் தோல், அந்த வாத்து எப்படி நின்றது, கழுத்தை எப்படிப் பிடித்தது என்று சொல்லாது. அதற்கு இருப்பவை, இங்கிலாந்தில் ஃபாக்ஸ்வாரன் பார்க்கில் ஆல்ஃபிரட் எஸ்ரா வளர்த்த வாத்துகளை 1920-களில் எடுத்த சில போட்டோக்கள். அவை கறுப்பு வெள்ளை.