இன்-சர்க்யூட் எமுலேட்டர்

மைக்ரோகன்ட்ரோலருக்குரிய சாக்கெட்டில் தன் கேபிள் முனையைச் செருகி, அந்தச் சிப்பின் இடத்தில் நிகழ்நேரத்தில் இயங்கி, நிரல் பிழைகளைக் கண்டறிய உதவும் வன்பொருள் கருவி. கணினியில் மென்பொருளாக மட்டுமே இயங்கும் சிமுலேட்டரிலிருந்து வேறுபட்டது. எடுத்துக்காட்டாக, 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலருக்கான சிமுலேட்டர் கட்டளைகளையும் ரெஜிஸ்டர் மதிப்புகளையும் படிப்படியாகக் காட்டும். கணக்கீட்டுப் பிழைகளுக்கு அதுவே போதும், போர்டுகூடத் தேவையில்லை. ஆனால் சுவிட்சை ஒருமுறை அழுத்தும்போது அதன் தொடுமுனை சில மில்லிநொடிகள் துள்ளி, இன்டரப்ட் பலமுறை எழும் பிழை அதில் பொதுவாகத் தென்படாது. மெய்யான சுற்றோடு இணைந்த எமுலேட்டரில் தென்படும். 8080 நுண்செயலிக்கான ஐசிஇ-80ஐ இன்டெல் 1975இல் வெளியிட்டது. விலை மிகுதியே இவ்வகைக் கருவிகளின் பெருங்குறை. 1990இல் ஐஇஇஇ 1149.1 தரமாக ஏற்கப்பட்ட ஜேடேக் இணைப்பும், சிப்புக்குள்ளேயே அமைந்த பிழைநீக்கச் சுற்றுகளும் தனி எமுலேட்டரின் தேவையைப் பெரிதும் குறைத்துவிட்டன.