தரைவிரிப்பு (பாம்பு வளர்ப்பு)

பாம்பு வளர்ப்பில் தரைவிரிப்பு என்பது கூண்டின் அடியில் பரப்பப்படும் தாள், மரச்சீவல், மரப்பட்டை, நார்க்கழிவு முதலிய பொருள்களைக் குறிக்கும். வயிற்றுச் செதில்கள் எந்நேரமும் அதன்மேல் படிந்திருப்பதாலும், இரையோடு அது வாய்க்குள் செல்லக்கூடுமாதலாலும், அதன் தேர்வு பாம்பின் நலத்தை நேரடியாகத் தீர்மானிக்கிறது.

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1849-இல் ஊர்வன இல்லம் திறக்கப்பட்டபின், பெரும்பாம்புகளுக்குக் கதகதப்புக்காகக் கம்பளி இடப்பட்டது; அங்கிருந்த போவா ஒன்று அக்கம்பளியையே விழுங்கிச் சில வாரங்கள் கழித்துக் கக்கியது. பிற்காலத்தில் மலிவான மரச்சீவல் பரவலாயிற்று. அதன் தீமையை வெளிக்கொணர்ந்தது ஆய்வுக்கூட எலிகளைப் பற்றிய ஓர் ஆய்வாகும். 1967-இல் எலியட் வெசெல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட அவ்வாய்வின்படி, செஞ்செடார் அல்லது பைன் சீவலின்மேல் வைக்கப்பட்ட எலிகளின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்தன. பீச், பிர்ச், மேப்பிள் ஆகிய வன்மரங்களின் சீவலுக்கு மாற்றியதும் அம்மிகுதி நீங்கியது. மென்மரங்களுக்கு மணம் தரும் ஆவியாகும் பொருள்கள் கண்ணாடிக் கூண்டில் வெளியேற வழியின்றித் தேங்குவதால், எலிக்கு ஆகாதது பாம்புக்கும் ஆகாது எனக் கொள்வதே முறை. செடாரை அறவே விலக்க வேண்டும். சூளையில் உலர்த்திய பைனுக்கு ஆதரவாளர் உண்டெனினும், வேறு பொருள் எளிதில் கிடைக்கையில் அதைத் தேடுவதற்குக் காரணமில்லை.

மணமற்ற ஆஸ்பென் சீவல், வறண்ட கூண்டில் வாழும் வட அமெரிக்கச் சோளப்பாம்புக்கு ஏற்றது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் வேண்டும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்புக்குச் சைப்ரஸ் பட்டையோ, பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் தென்னை நார்க்கழிவோ பொருந்தும். நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கலாமாதலால் அலசியபின் இடுவது நன்று. எனினும் தரை சொதசொதவென்றிருந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் தோன்றி அழுகல் பற்றும். உடைத்த அக்ரூட் ஓடும் சோளத்தக்கைத் துணுக்கும் விழுங்கப்பட்டால் குடலை அடைக்கக்கூடியவை என்பதால் எவ்வகைப் பாம்புக்கும் உகந்தவையல்ல. புதிதாக வந்த பாம்புக்கும் நோயுற்ற பாம்புக்கும் வெள்ளைத் தாளே சிறந்தது. ஒபியோனிசஸ் நாட்ரிசிஸ் எனப்படும், இரத்தம் உறிஞ்சும் பாம்பு உண்ணி கரும்புள்ளியாக அதில் உடனே புலப்படும்.

அண்மைக் காலத்தில், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களும் சிறு பூச்சிகளும் வாழும் மண்விரிப்பு மேலைநாடுகளில் பரவிவருகிறது. இந்தியாவில் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.