மதிலில் ஓர் ஓட்டை

போபாலின் வடபகுதியில் யூனியன் கார்பைடு ஆலையைச் சுற்றி ஒரு மதில் ஓடுகிறது. அதில் அங்கங்கே ஓட்டை. ஆடு மாடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் கிரிக்கெட் மட்டையோடு பையன்களும் அதன் வழியாகத்தான் உள்ளே போய் வந்தார்கள். எத்தனையோ வருஷமாகப் பத்திரிகைப் புகைப்படங்களில் இதே காட்சி. கையில் அனுமதிக் கடிதம் வைத்திருப்பவர் மட்டும் வாசலில் நின்று காவலரிடம் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் பார்வையாளர்களுக்கு என்ன கட்டுவது? 2005இல் மத்தியப் பிரதேச அரசு நினைவகம் அமைக்க ஒரு வடிவமைப்புப் போட்டி நடத்தியது. டெல்லியைச் சேர்ந்த ஸ்பேஸ்மேட்டர்ஸ் என்ற கட்டிடக்கலை நிறுவனம் வென்றது. துருவேறிய ஆலையை இடித்துவிட்டு ஒரு தூணை நட்டுவைப்பதில் அவர்களுக்கு உடன்பாடில்லை; ஆலையே சாட்சி, அது நிற்க வேண்டும் என்றார்கள். நினைவகம் இன்றுவரை எழவில்லை.

ஆலையை நிறுத்திவைப்பதில் எனக்கும் முழுச் சம்மதம். அதற்குக் காரணம் என் தொழில். எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் மறுநாள் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதுவோம். எது முதலில் போனது, எந்த அலாரம் அடிக்கவில்லை, எந்த மாற்று ஏற்பாடு காகிதத்தில் மட்டும் இருந்தது என்று வரிசையாக. போபாலில் அந்த அறிக்கை இரும்பாகவே நிற்கிறது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, 610 என்ற எண்ணிட்ட தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது மெத்தில் ஐசோசயனேட், சுமார் 40 டன். தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும் ரசாயனம். அதைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பை அந்த வருஷம் ஜூன் மாதமே நிறுத்தியிருந்தார்கள். கசியும் வாயுவைக் காரக் கரைசலால் கழுவி எடுக்க ஒரு கோபுரம் இருந்தது. அந்த அளவு வாயுவைத் தாங்க அதனால் முடியவில்லை. மிஞ்சியதை எரித்துவிட ஒரு புகைபோக்கி இருந்தது. அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பழுதுபார்க்கக் கழற்றி வைத்திருந்தார்கள். கடைசியாக, தண்ணீரைப் பீய்ச்சி வாயுவை அமுக்கப் பார்த்தார்கள். வாயு வெளியேறிய உயரத்துக்குத் தண்ணீர் எட்டவில்லை.

இந்த வரிசையிலேயே ஒரு பாதை போட்டால் போதும், பலகையில் ஒரு வரி எழுத வேண்டாம் என்று நான் நினைத்ததுண்டு. நடந்து போகிற எவனுக்கும் இது ஏதோ விதியால் நேர்ந்ததல்ல, செலவைக் குறைத்ததால் நேர்ந்தது என்று புரிந்துவிடும். சரி, ஆனால் பாதையை எதன்மேல் போடுவது? ஆலை ஓடிய காலத்திலேயே கழிவை வளாகத்துக்குள் புதைத்தார்கள், மதிலுக்கு வெளியே வடக்கே வெட்டிய குளங்களில் விட்டார்கள். மண்ணில் பாதரசமும் குளோரின் சேர்ந்த ரசாயனங்களும் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே எந்த வடிவமைப்பாளரும் முதலில் வரையப்போவது தரையிலிருந்து தூக்கிய நடைமேடையைத்தான். வெளியூர்க்காரனின் செருப்பு மண்ணில் படக் கூடாதே! வெறுங்காலோடு பந்து பொறுக்கிய பையனுக்கு அப்படி ஒரு மேடையை யாரும் வரையவில்லை. சுற்றியுள்ள குடியிருப்புகள் அந்த நிலத்தடி நீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தன. குழாயில் நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று 2004இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.

2009இல், 25ஆம் ஆண்டையொட்டி, ஆலையைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது. உயிர் தப்பியவர்களின் அமைப்புகள் கொதித்துப்போயின. எனக்கு முதலில் புரியவில்லை. உலகம் வந்து பார்க்கட்டுமே, நல்லதுதானே? பிறகுதான் உறைத்தது. அங்கே ஒரு டிக்கெட் கவுண்டர் வந்தால், இந்த மண் சுத்தமாகிவிட்டது என்று அரசே எழுதிக் கொடுத்த மாதிரி. சுத்தப்படுத்துவது யார் பொறுப்பு, பழைய கம்பெனியா, அதை 2001இல் வாங்கிய டவ் கெமிக்கலா, அரசா என்ற சண்டை அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் வாசலைத் திறப்பதே வழக்கில் ஒரு பக்கம் சாய்வதாகிவிடும்.

அதனால் போபாலில் மக்களே கட்டிக்கொண்டவை எல்லாம் மதிலுக்கு வெளியேதான் இருக்கின்றன. ஆலைக்கு எதிரே, ஜே.பி. நகர்ப் பக்கம், ரூத் வாட்டர்மேன் 1985இல் செய்த சிலை: கையில் குழந்தையோடு முகத்தை மூடிக்கொண்டு ஓடும் தாய். 2014இல் தொடங்கிய ‘ரிமெம்பர் போபால்’ அருங்காட்சியகம் அரசுப் பணமோ கம்பெனிப் பணமோ வாங்காதது. சுவரில் தொலைபேசிகள் தொங்கும். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால், அந்த இரவைப் பிழைத்தவர் பேசுவார். இறப்புக்கு இழப்பீடு தந்ததாக அரசு சொல்லும் கணக்கு 5,295. ஒரு தடவைக்கு ஒரு குரலைத்தான் கேட்க முடியும் என்கிறபோது அந்த எண் வேறு மாதிரி கனக்கும்.

2025 ஜனவரியில், கிடங்கில் மூட்டை கட்டிக் கிடந்த 337 டன் கழிவை 12 கன்டெய்னர் லாரிகளில் ஏற்றி, சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்க்காரர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதே ஆண்டு ஜூன் முடிவதற்குள் எல்லாவற்றையும் எரித்தாயிற்று. புதைத்தது மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நினைவகப் பேச்சு மட்டும் மறுபடி கிளம்பியிருக்கிறது.

என்னைக் கேட்டால், அங்கே முதலில் கட்ட வேண்டியது மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கிற ஒரு சின்ன ஆய்வகம். அதை மதிலில் ஓட்டை விழுந்த பக்கம் கட்டட்டும். மாதாமாதம் வரும் முடிவை இந்தியிலும் உருதுவிலும் பெரிய எழுத்தில் வெளிச்சுவரில் எழுதிப் போடட்டும், பந்து பொறுக்க வரும் பையன் நின்று படிக்கிற உயரத்தில்.