லைன் வீட்டுச் சுவர் ஏன் கோணல்?

தங்கவயலில் பழைய லைன் வீட்டைப் புதுப்பிக்கக் கிளம்பியிருக்கும் நண்பர்களே, முதலில் ஒரு சேதி. சுவர் நேராக இருக்காது. அதற்காக மேஸ்திரியைத் திட்டாதீர்கள். (கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நடுராத்திரியில் போன் போட்டுத் திட்டுவதில் நாமெல்லாம் கில்லாடிகள்!) அந்த வீடு எப்படி உருவானது என்று தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்தது. அதன்பின் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். ஊரில் பண்ணை வேலையும் பஞ்சமும். இங்கே பாதாளத்தில் இறங்கினாலும் கையில் கூலி. துரைமார்களுக்குப் பங்களா, தொழிலாளிக்கு மூங்கில் தட்டி அடைத்த குடிசை. வரிசை வரிசையாகப் போட்டதால் 'லைன்'. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே 1905ல்தான் விளக்கு எரிந்தது. ஆனால் தங்கவயலுக்கு அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக, தட்டிக் குடிசைக்காக அல்ல.

வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும் என்கிற பயத்தில் யார் அஸ்திவாரம் தோண்டுவார்கள்? தட்டிக்கு மண் பூசினார்கள். பிறகு தகரம், அப்புறம் செங்கல். குடும்பம் பெருத்தால் பின்னால் ஒரு சாய்ப்பு, மகனுக்குக் கல்யாணம் என்றால் நடுவில் ஒரு தடுப்பு. மூலைமட்டம் எங்கிருந்து வரும்?

இது போதாதென்று ஏர் பிளாஸ்ட். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம். அத்தனை ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே வீடு ஆடும், பாத்திரம் உருளும். உள்ளே ஷிஃப்டில் இருப்பவர் திரும்புவாரா என்று பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். உங்கள் சுவரில் இருக்கும் விரிசல்களில் சில அப்படி வந்தவையாக இருக்கலாம்.

ஆகவே விரிசலைப் பார்த்ததும் இடிக்கச் சொல்லாதீர்கள். அதன் குறுக்கே கொஞ்சம் ஜிப்சம் பூசி, மேலே தேதி எழுதி வையுங்கள். சில மாதம் கழித்தும் பிளக்கவில்லை என்றால் அது பழைய விரிசல், அடைத்தால் போதும். பிளந்துவிட்டால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். மண் சுவர்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உளுத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. எங்கள் சமையலறைச் சுவரைச் சுரண்டியபோது மண்ணுக்குள்ளே இன்னும் மூங்கில் தட்டி இருந்தது. அதை இடிக்க எனக்கு மனசு வரவில்லை.

பெரிய தலைவலி விரிசல் அல்ல, பத்திரம். 1956ல் சுரங்கங்கள் மைசூர் அரசுக்குப் போயின, பிறகு மத்திய அரசுக்கு. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனமானது. 2001 பிப்ரவரி 28ல் அதையும் மூடினார்கள். வேலை போயிற்று, ஆனால் ஜனங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. எங்கே போவார்கள்? மூன்று நான்கு தலைமுறையாக இருந்த வீட்டை எங்கள் பேரில் எழுதிக் கொடுங்கள் என்று முன்னாள் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் மனு கொடுத்தார்கள். லட்சங்களை அனுப்பும் முன் உங்கள் வீட்டுக்கு என்ன காகிதம் இருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது என்று ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். டைல்ஸ் கலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.