தேடுவோர்க்கு வழிகாட்டும் எழுத்து: திருவரங்கத்துப் பாசுரம் முதல் தேடுபொறிச் செருகுநிரல் வரை

தேடுபொறிகளில் தம் பக்கங்கள் தென்பட வேண்டும் என்று விரும்பும் வலைத்தளத்தார் இன்று பெரிதும் நாடுவது செருகுநிரல் எனப்படும் சிறு மென்பொருளாகும். தளத்தை இயக்கும் மூல மென்பொருளோடு இணைக்கப்படும் அது, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும், இரண்டு வரிச் சுருக்கத்தையும், பக்கங்களின் பட்டியலையும் தேடுபொறி படிக்கத்தக்க முறையில் அமைத்துத் தருகிறது. அத்தகைய மூல மென்பொருளான வேர்ட்பிரஸுக்கென ஆல் இன் ஒன் எஸ்இஓ 2007-லும், யோஸ்ட் 2010-லும், ரேங்க் மேத் 2018-லும் வந்தன. கருவிதான் புதிது, எழுத்தை அடையாளம் காட்டும் குறிகளை எழுத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கும் வழக்கம் மிகப் பழையது. அவ்வழக்கின் செழுமையான சான்றுகள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்திலும், தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியிலும் கிடைக்கின்றன.

வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் நாதமுனிகள் வரலாறு இதற்கு முதற்சான்றாகும். காட்டுமன்னார்கோயிலில் வாழ்ந்த அவர், அங்கு வந்த யாத்திரிகர்கள் குடந்தைப் பெருமாள்மீதான ‘ஆராவமுதே’ என்னும் பதிகத்தை ஓதக் கேட்டார். ஓதியவர்களுக்குத் தெரிந்திருந்தவை அந்தப் பாசுரங்கள் மட்டுமே. ஆயினும், பாடியவர் குருகூர்ச் சடகோபர் என்பதையும், அப்பதிகம் ஆயிரம் பாடல்களுள் ஒரு பத்தே என்பதையும் அதன் இறுதிப் பாசுரம் தானே அறிவித்தது. பெயர், ஊர், எண் என்னும் இம்மூன்றையும் பற்றிக்கொண்டே நாதமுனிகள் திருக்குருகூருக்குச் சென்று, எஞ்சியவற்றைத் தேடி, நாலாயிரம் பாசுரங்களையும் பெற்றுத் தொகுத்தார் என்பது மரபு. நிகமனப் பாசுரம் எனப்படும் அவ்விறுதிப் பாடல் ஓதுவோர் அடையும் பயனைக் கூறுவதற்காக அமைந்ததே எனினும், பாடல்கள் வழக்கொழிந்து கிடந்த காலத்தில் அவற்றை மீட்பதற்குரிய முகவரியாகவும் அதுவே நின்றது. அவ்வாறு மீட்கப்பட்ட திவ்வியப் பிரபந்தமே திருவரங்கத்தின் அத்யயன உற்சவத்தில் பாசுரங்களை இசையோடு ஓதும் அரையர்களால் இன்றளவும் சேவிக்கப்படுகிறது.

1370-ல் பிறந்து திருவரங்கத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மணவாள மாமுனிகள் இம்முறையை மேலும் நுணுக்கமாக்கினார். சடகோபராகிய நம்மாழ்வார் பாடிய அந்த ஆயிரமான திருவாய்மொழியின் நூறு பதிகங்களுக்கும் பதிகத்துக்கு ஒன்றாக அவர் இயற்றிய வெண்பாக்களின் தொகுப்பே ‘திருவாய்மொழி நூற்றந்தாதி’. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாக வருமாறு தொடுப்பது அந்தாதி. இந்நூலில் ஒவ்வொரு வெண்பாவும் தனக்குரிய பதிகத்தின் தொடக்கச் சொல்லோடு தொடங்கி, அதன் பொருளைச் சுருக்கி, மாறன் என்னும் நம்மாழ்வார் பெயரையும் ஏற்று, அடுத்த பதிகத்தின் தொடக்கச் சொல்லோடு முடிகிறது. நான்கே அடிகளுக்குள் தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் பெயர், அடுத்த இடத்துக்கான இணைப்பு ஆகிய நான்கும் அடங்கிவிடுகின்றன. இதைவிடச் செறிவான பொருளடக்கம் தமிழில் அரிது.

அந்தாதியின் இப்பயனைத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் கண்ணாலேயே காணலாம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த மேல்குகையின் சுவர்களில், பிற்காலத்தில் நாராயணன் என்னும் புலவர் பாடிய சிராமலை அந்தாதியின் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் பொறிக்கப்பட்டன. கல் பொரிந்து ஒரு பாடலின் கடைசிச் சொல் மறைந்துபோனாலும், அடுத்த பாடலின் தொடக்கத்தைக் கொண்டு அதனைப் படித்தறிய முடிகிறது. பாடல்களின் வரிசையும் குலைவதில்லை.

அடையாளக் குறிகளை எழுத்துக்குள்ளேயே பொதியும் இந்நெறியிலிருந்து கல்வெட்டு எழுதியோரும் விலகவில்லை. மங்கலச் சொல்லுக்குப் பின் அரசனின் புகழ்பாடும் மெய்க்கீர்த்தி, அவனது ஆட்சியாண்டு, ஊர் எந்த நாட்டில் எந்தக் கூற்றத்தில் உள்ளது என்னும் விவரம் ஆகியவற்றைக் கூறிய பிறகே கொடையின் செய்தி வரும். ஒரே பெயரைத் தாங்கிய பாண்டியர் பலர் இருந்தமையால், மெய்க்கீர்த்தியின் தொடக்கச் சொற்களைக் கொண்டே இன்ன அரசன் என்று கல்வெட்டறிஞர்கள் பிரித்தறிந்தனர். வி. ரங்காச்சாரியர் 1919-ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியல் கல்வெட்டுகளை ஊர்வாரியாக வரிசைப்படுத்தியது. திருவரங்கக் கோயிலின் கல்வெட்டுகளுக்கென்றே தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி 1982-ல் வெளிவந்தது. கல்லில் எழுதியவர்கள் இட்டுச்சென்ற குறிகள் இல்லையெனில் இப்பட்டியல்கள் இவ்வளவு துல்லியமாக அமைந்திரா.

இக்குறிகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: அவை எல்லாரும் காண, எல்லார் காதிலும் விழ, எழுத்தின் உறுப்பாகவே நின்றன. இணையம் தொடக்கத்தில் இதிலிருந்து வழுவியது. வாசகர் கண்ணில் படாத குறிச்சொற்களைப் பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவைக்க இடமிருந்ததால், உள்ளடக்கத்தோடு தொடர்பற்ற சொற்களை அங்கே குவிக்கும் வழக்கம் பரவியது. தரவரிசைக்கு அக்குறிச்சொற்களைத் தான் கருதுவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது.

எல்லாரும் காணும் குறிகளுள் ஒன்றான பக்க முகவரியில் தமிழுக்குத் தனி இடர்ப்பாடும் உண்டு. அங்கே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய ஒன்பது வரியுருக்களாக விரிகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும்கூடத் தனித்தனியே கணக்கில் சேர்வதால், ‘ஸ்ரீரங்கம்’ என்பது 90 இடங்களையும் ‘திருச்சிராப்பள்ளி’ என்பது 153 இடங்களையும் பிடித்துக்கொள்கின்றன. வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு ஒதுக்குவது 200 இடங்களே ஆதலால், இவ்விரு ஊர்ப்பெயர்களைச் சேர்த்துத் தலைப்பிட்டால் இரண்டாம் பெயர் நடுவிலேயே அறுந்துவிடுகிறது.

எனவே தமிழ்த் தளத்துக்குச் செருகுநிரல் தேர்வோர், பக்கத்தின் தரத்தைக் குறிக்க அது காட்டும் பச்சை விளக்கையும் மதிப்பெண்ணையும் முதன்மையாகக் கொள்ளுதல் தகாது. தலைப்பையும் சுருக்கத்தையும் முகவரியையும் எழுதுவோர் தம் கையாலேயே திருத்த அது எளிதில் இடந்தருகிறதா என்பதே முதலில் பார்க்கத்தக்கது. திருவரங்கத்தில், திருவரங்கத்துக்கு, திருவரங்கத்தின் என உருபேற்று வரும் வடிவங்களை அது ஒரே பெயராக அறிகிறதா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அறியாத கருவி தமிழ்க் கட்டுரைக்கு இடும் மதிப்பெண்ணைப் புறக்கணிக்கலாம். பக்கங்களின் பட்டியலை வேர்ட்பிரஸ் 2020 முதல் தானாகவே உருவாக்கித் தருவதால், அதற்காக மட்டும் பணம் கொடுத்து ஒன்றை வாங்கத் தேவையில்லை. ஒரு தளத்துக்கு ஒரு செருகுநிரலே போதும். இரண்டை ஒருங்கே இயக்கினால் ஒரே பக்கத்துக்கு இருவேறு சுருக்கங்கள் எழுதப்பட நேரும்.