டெக்சாஸ் உறைந்தபோது



2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் உறைந்துபோனது. அங்குள்ள வீடுகள் வெயிலை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. பல வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் பரணிலும் வெளிச்சுவருக்குள்ளும் ஓடும். மின்சாரம் போனது, ஹீட்டர் நின்றது, குழாய்கள் வெடித்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியதாயிற்று. அந்தப் புயலில் இறந்தவர்கள், அரசுக் கணக்குப்படி, 246 பேர்.

குழாய் ஏன் வெடிக்கிறது? தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஆனால் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் உடைப்பு வருவதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறும். குழாய் அங்கேதான் கிழியும். டேப்பைச் சொட்டவிட்டால் அந்த அழுத்தம் இறங்கிவிடும்.

அந்த வாரம் ஹூஸ்டனில் அதற்கும் வழியில்லை. நகரமெங்கும் தண்ணீர் அழுத்தம் குறைந்ததால், மருத்துவமனைக்கும் தீயணைப்புக்கும் தண்ணீர் வேண்டும், சொட்டவிடாதீர்கள் என்று நிர்வாகமே கேட்டுக்கொண்டது. மீதமிருந்த வழி, மெயின் வால்வை மூடிக் குழாயைக் காலிசெய்வதுதான்.

டெக்சாஸில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இன்றே போனில் கேளுங்கள்: "வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது, தெரியுமா?"